மாரியம்மனுக்கு ஒரு பந்து பாக்கி

கிருஷாந்தி மாரியம்மனுக்கு ஒரு பந்து பாக்கி வைத்திருந்தாள்.

சேலை நேர்வார்கள், சேவல் நேர்வார்கள், வசதி இருந்தால் மணி வாங்கிக் கட்டுவார்கள். இவள் நேர்ந்தது பந்து. அதுவும் உருண்டைப் பந்து இல்லை. இரண்டு முனையும் கூராகி, உரித்த தேங்காயை யாரோ பிடித்து இழுத்து நீட்டிவிட்டது போன்ற சிவப்புத் தோல் பந்து. நேர்ந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. இப்போது முப்பத்து மூன்று. இந்த இருபத்திரண்டு வருடமும் அம்மன் பொறுமையாகத்தான் இருந்தாள். பொறுமை இழந்தது அம்மா.

அம்மா சுதர்சினி ஓய்வுபெற்ற நர்ஸ். ஊசியையும் நம்புவார், விபூதியையும் நம்புவார். இரண்டில் எது முந்தியது என்று கேட்டால் நோயைப் பொறுத்தது என்பார். மகள் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தைக் கோட்டைவிட்டது, உக்குவளை வீட்டின் கூரை ஒழுகியது, பேசிவந்த மாப்பிள்ளை நாவலப்பிட்டியில் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டது, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே விளக்கம் இருந்தது. அது அலுமாரிக்கு மேலே, பழைய துவாயில் சுற்றிக் கிடந்தது.

"சாமிக்குக் குடுக்க வேண்டியதை வீட்டுல வச்சிருந்தா இப்பிடித்தான்" என்பார்.

அப்பா யோகராஜ் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவர் சட்டம் பேசுவார். "ஜெயிச்சா தாரேன்னுதான பிள்ள நேர்ந்தா? ஜெயிச்சோமா? நான்தான தோக்கடிச்சேன்? அப்ப கடன் எங்கருந்து வந்துச்சு?"

தோற்கடித்ததை இவ்வளவு பெருமையாகச் சொல்லும் மனிதரை நான் வேறு எங்கும் கண்டதில்லை. அது விளங்க வேண்டுமானால் இலங்கை மலைநாட்டு உக்குவளையை விட்டுக் கொஞ்ச தூரம் போக வேண்டும்: அவுஸ்திரேலியாவில், கடலையே காணாத ஒரு கோதுமை ஊருக்கு.

ஊரின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. அவுஸ்திரேலியர்களிடம் சொன்னாலே "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். சனம் அறுநூறு. ஒரு பெற்றோல் ஷெட், ஒரு வங்கி, ஒரு முதியோர் இல்லம், இவை எல்லாவற்றையும் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சுகிற ஒரு விளையாட்டு மைதானம். முதியோர் இல்லத்தில் சுதர்சினிக்கு நர்ஸ் வேலை கிடைத்தது. இரண்டு வருட விசா. உக்குவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெக்டரியில் ஃபிட்டராக இருந்த யோகராஜ், மனைவியின் கணவர் என்ற உத்தியோகத்தில் கூடப் போனார். கிருஷாந்திக்கு அப்போது ஒன்பது வயது.

குளிர்காலத்தில் அந்த ஊரில் சனிக்கிழமை என்றால் புட்போல். நாம் நினைக்கிற புட்போல் இல்லை. மைதானம் முட்டை வடிவம். ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், ஒரு கையில் வைத்து மறு கையால் குத்தலாம். எறிய மட்டும் கூடாது. ஆளைக் கட்டிப்பிடித்து விழுத்தலாம்; அதற்கு முறை இருக்கிறதாம். இரண்டு முனையிலும் வலை இல்லாமல் நான்கு நான்கு கம்பம். நடு இரண்டு கம்பத்துக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி. குறி தவறி ஓரமாகப் போனால் பூச்சியம் என்றுதானே நினைப்பீர்கள்? ஒரு புள்ளி கொடுப்பார்கள். நடுக் கம்பத்தில் பட்டால் உள்ளே போனாலும் ஒன்றுதான்.

தவறியதற்கும் புள்ளி கொடுக்கும் விளையாட்டு ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதன் அருமை, இலங்கைக்கு வந்து கணிதப் பரீட்சை எழுதிய பிறகுதான் தனக்குத் தெரிந்தது என்கிறாள் கிருஷாந்தி.

ஊரார் காரை ஓட்டிவந்து எல்லைக்கோட்டைச் சுற்றி, மூக்கு மைதானத்தைப் பார்க்க நிறுத்துவார்கள். குளிருக்குக் காருக்குள் இருந்தே ஆட்டம் பார்ப்பார்கள். தங்கள் பக்கம் ஆறு எடுத்தால் அத்தனை காரும் ஹோர்ன் அடிக்கும். முதல் சனிக்கிழமை அந்தச் சத்தத்தைக் கேட்டு சுதர்சினி, "யாரோ செத்துட்டாங்க போல" என்று கதவைத் திறந்துகொண்டு உதவிக்கு ஓடினார். நர்ஸ் புத்தி.

கிருஷாந்திக்குப் பிடித்தது ஆட்டம் இல்லை, இடைவேளை. கால்வாசி ஆட்டத்துக்கு ஒருமுறை விசில் ஊதியதும் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடுவார்கள். ஆடுகிற பெரியவர்கள் ஒரு பக்கம் கூடித் தோடம்பழத் துண்டு சப்பிக்கொண்டு பயிற்றுநரிடம் ஏச்சு வாங்குவார்கள். பிள்ளைகள் அதே புல்லில் உதைத்து விளையாடுவார்கள். யாரும் "போ" என்று சொல்வதில்லை. தோட்டத்தில் துரை பங்களாப் புல்லை வேலிக்கு வெளியே நின்று மட்டும் பார்த்தவளுக்கு இது பெரிய விஷயம். முதல் இரண்டு கிழமை அவள் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றாள். மூன்றாம் கிழமை கன்டீன்கார மார்ஜ், கையில் இருந்த தேநீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவளைத் தூக்கி அந்தப் பக்கம் இறக்கிவிட்டார். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ஜை இன்னொரு விஷயத்துக்காகவும் சொல்ல வேண்டும். கன்டீனில் விற்றது மாட்டிறைச்சி பை, மாவுக்குள் இறைச்சியை வைத்து மூடிச் சுட்ட பண்டம். இவர்கள் வீட்டில் மாடு சாப்பிடுவதில்லை. அது தெரியவந்த அடுத்த சனிக்கிழமையில் இருந்து ஒவ்வொரு கிழமையும் அடுப்பில் ஒரே ஒரு பை தனியாக இருக்கும். உள்ளே உருளைக்கிழங்கும் சீஸும். மாறிப்போகாமல் இருக்க, மேலே முள்ளுக்கரண்டியால் கிருஷாந்தி பெயரின் முதல் ஆங்கில எழுத்தைக் குத்தி வைத்திருப்பார். ஐந்து குளிர்காலம், ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. (யோகராஜ் ஸ்கோர் பலகைக்குப் பின்னால் நின்று மற்றப் பையைச் சாப்பிட்டார் என்பது வேறு கதை. "ருசி பாத்தேன்" என்பார். ஐந்து வருடம் ருசி பார்த்திருக்கிறார்.) பத்தாவது பிறந்தநாளுக்கு அந்தச் சிவப்புப் பந்தைக் கொடுத்ததும் மார்ஜ்தான். ஆட்டத்தில் அடிபட்டுப் பழசாகிப்போனது. இரவில் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்குவாளாம்.

மார்ஜின் கணவர் கோலின். ஊர்ப் புட்போல் கிளப்பின் தலைவர் அவர்தான். தீயணைப்புப் படைக்கும் தலைவர், முதியோர் இல்லக் கமிட்டிக்கும் தலைவர். அறுநூறு பேர் ஊரில் தலைவர் பதவிகள் அதிகம், ஆட்கள் குறைவு.

யோகராஜை கோல் அம்பயர் ஆக்கியதும் கோலின்தான். கம்பத்துக்கு அடியில் நின்று, ஆறா ஒன்றா என்று பார்த்துக் கொடி காட்டுகிற வேலை. ஆறுக்கு இரண்டு வெள்ளைக் கொடி, ஒன்றுக்கு ஒரு கொடி. அந்தச் சின்னப் போட்டிகளில் இரண்டு கிளப்பும் தங்கள் பங்குக்கு ஒவ்வொரு ஆளைக் கொடுக்கும். வழக்கமாக நின்ற கிழவருக்கு இடுப்பு ஒப்பரேஷன்.

"விதிகள் தெரியுமா?" என்று கோலின் கேட்கவில்லை. "இரண்டு மணித்தியாலம் நிற்பாயா?" என்றுதான் கேட்டார்.

"பெக்டரியில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்றிருக்கிறேன்" என்றார் யோகராஜ்.

வெள்ளைக் கோட்டும் வெள்ளைத் தொப்பியும் கொடுத்தார்கள். தோட்டத்தில் அப்படிக் கோட்டுப் போட்டவர் ஒருவர்தான், டிஸ்பென்சரி டாக்டரையா. கோட்டைப் போட்டதும் யோகராஜின் நடையே மாறிவிட்டது என்கிறார் சுதர்சினி. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: உக்குவளையில் யோகராஜ் கெரம் விளையாட்டில் பேர்போன கள்ளன். காயைச் சின்ன விரலால் நகர்த்துவதில் அவருக்கு நிகர் இல்லை. அவரோடு விளையாடுகிறவர்கள் போர்டைப் பார்க்க மாட்டார்கள், விரலைப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவர் கையில் கொடி.

இரண்டாவது வருடக் கடைசியில் விசா முடிகிற காலம் வந்தது. முதியோர் இல்லக் கமிட்டி கடிதம் கொடுத்தால் இன்னும் மூன்று வருடம். கொடுக்காவிட்டால் நவம்பரில் பெட்டி கட்ட வேண்டும். கமிட்டி கூடுவது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமை கிளப்பின் கடைசி லீக் ஆட்டம். வென்றால் பதினொரு வருடத்துக்குப் பிறகு இறுதிச் சுற்று.

வெள்ளிக்கிழமை மாலை கிருஷாந்தி கன்டீனில் மார்ஜுக்குத் தோடம்பழம் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோலின் உள்ளே வந்து, "நாளைக்கு மட்டும் வென்றுவிட்டால், யார் என்ன கேட்டாலும் கொடுப்பேன்!" என்றார்.

மார்ஜ், "எனக்குப் புது அடுப்பு" என்றார்.

அந்த ஊர்ப் பிள்ளை எதுவானாலும் சிரித்துவிட்டுத் தோடம்பழத்தை வெட்டியிருக்கும். ஆனால் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒன்று தெரியும்: துரையிடம் கேட்பதை முகம் பார்த்துக் கேட்க வேண்டும். துரைக்கு மனம் நன்றாக இருக்கிற நாளில் போனால் கூரைத் தகரம் கிடைக்கும். இல்லாத நாளில் போனால் இருக்கிற தகரத்துக்கும் ஆபத்து. ஆக, வென்றால் கோலின் துரைக்குச் சந்தோஷம். சந்தோஷம் என்றால் கடிதம். தோற்றால் நவம்பர். பதினொரு வயதுக் கணக்கு. பிழையே இல்லாமல் போட்டாள், துரைதான் வேறு ஆள்.

வீட்டுக்கு வந்ததும் நேர்த்தி வைத்தாள். மஞ்சள் துணியில் காசு முடிய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மஞ்சள் துணிக்கு எங்கே போவது? குசினியில் பீங்கான் துடைக்கிற புதுத் துணி மஞ்சள் நிறத்தில் இருந்தது. அதில் இருபது சென்ட் காசை முடிந்தாள். குசினித் தட்டில் இருந்த தோட்டத்து மாரியம்மன் படத்துக்கு முன்னால் நின்று, "தாயே, நாளைக்கு ஜெயிக்க வை. என் பந்தை உனக்குத் தாரேன்" என்றாள்.

கடிதம் வேண்டும் என்று கேட்கவில்லை. அதை அம்மனுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தாள்.

மறுநாள் பனியும் தூறலும். கிருஷாந்தி வழக்கம்போல அப்பா நிற்கிற முனையில், கம்பத்துக்குப் பின்னால் வேலியில் சாய்ந்திருந்தாள். கடைசி நிமிடம். ஊர் அணி இரண்டு புள்ளி பின்னால். பேக்கரிக்காரரின் மகன் தூரத்தில் இருந்து உதைத்தான். பந்து உயர்ந்து, வளைந்து, நடு இரண்டு கம்பத்துக்கு இடையே போய் விழுந்தது. ஊர்க் கார்கள் அத்தனையும் ஹோர்ன் அடிக்கத் தொடங்கின.

ஆனால் அதற்கு அரை நொடி முன்னால் 'டொக்' என்று ஒரு சத்தம்.

பந்து கம்பத்தை உரசியிருந்தது. அவளுக்குக் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டிருக்கும். மற்றவர்கள் எல்லாரும் தூரம். நடு அம்பயர் ஓடிவந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தார். ஹோர்ன் சத்தம் காதைப் பிளந்தது. கிருஷாந்தி வேலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் சொன்னது இதுதான்: "அப்பாவுக்குக் கேட்டிருக்கக் கூடாது, தாயே, அப்பாவுக்குக் கேட்டிருக்கக் கூடாது."

யோகராஜ் கம்பத்துக்குக் கிட்டப் போனார். உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டிக் காட்டினார். ஒரு விரலை உயர்த்தினார். பிறகு குனிந்து ஒரு கொடியை எடுத்தார். ஒன்றே ஒன்றை.

ஹோர்ன்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒரு கிழவரின் காரில் மட்டும் ஹோர்ன் இறுகிக்கொண்டு, நிற்காமல், சாவு வீட்டு ஒப்பாரி போல நீளமாகக் கத்திக்கொண்டே இருந்தது. அவர் பொனட்டைத் திறந்து வயரைப் பிடுங்க வேண்டியிருந்தது.

ஒரு புள்ளியில் தோல்வி.

வீட்டுக்குப் போகும்போது காருக்குள் நடந்த பேச்சை கிருஷாந்தி சொல் மாறாமல் சொல்வாள்.

"கம்பத்துல பட்டுச்சு" என்றார் அப்பா.

"உங்களுக்கு மட்டுந்தான் தெரிஞ்சிச்சா?"

"நான்தான கிட்ட நின்னேன்."

"ஏங்க, கெரம்ல உங்க சின்ன விரல் பாக்கிற வேலை எனக்குத் தெரியாதா? இன்னைக்கு மட்டும் எங்கருந்து வந்துச்சு இந்த நேர்மை? செவ்வாக்கிழமை யாருகிட்டக் கடிதம் வாங்கணும்னு ஞாபகம் இருக்கா?"

"சுதா, கெரம்ல நான் களவு பண்ணுவேன்னு எல்லாருக்கும் தெரியும். அவனும் பண்ணுவான். அது வேற. இங்க வெள்ளைக் கோட்டுப் போட்டிருக்கேன்."

"கோட்டக் கழட்டிட்டுப் பாத்திருக்கலாமே!"

பின் சீட்டில் இருந்தவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்: எனக்கும் கேட்டது. சொல்லவில்லை. சொன்னால், ஏன் அங்கேயே சொல்லவில்லை என்பார்கள். அதற்குப் பதில், நான் அம்மனிடம் களவுக்குத் துணை கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது. சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சுதர்சினி ஒரு பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் இருந்து எடுத்துத் தூசி தட்டினார். சும்மாதான் தட்டினேன் என்றார்.

செவ்வாய் மாலை கோலின் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று கடித உறையை நீட்டினார்.

"எங்கள் கிளப்பில் நாற்பது வருடமாகக் கோல் அம்பயர் என்று நின்ற எல்லாரும் எங்கள் ஆட்கள்" என்றார். "போன சனிக்கிழமைதான் முதல் முறையாக ஒரு அம்பயர் நின்றார். எங்கள் கிழவிகளுக்கு மருந்து கொடுக்கிற வீட்டில் அப்படி ஒருவர் இருப்பது நல்லது என்று கமிட்டிக்குச் சொன்னேன்."

யோகராஜ் நன்றி சொல்ல வாய் எடுத்தார். கோலின் அதற்குள் திரும்பிப் படியிறங்கிவிட்டார். கடிதம் தந்தாரே தவிரப் பேச்சுத் தரவில்லை. அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் வரைக்கும் ரோட்டில் கண்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார். பெரிய மனது உள்ள மனிதர்தான். ஆனால் பதினொரு வருடம் பதினொரு வருடம்தானே. அடுத்த ஏப்ரலில் சீசன் தொடங்கியபோது, வெள்ளைக் கோட்டைச் சலவை செய்து மடித்து அவரே கொண்டுவந்து கொடுத்தார். அதோடு பேச்சும் வந்தது.

மூன்று வருடம் தங்க அந்தப் பாடு பட்டவர்கள், மூன்று வருடம் முடிந்ததும் யாரும் போகச் சொல்லாமல் தாங்களாகவே திரும்பிவந்தார்கள். முதியோரைத் தூக்கித் தூக்கி சுதர்சினிக்கு நடு முதுகு விட்டுப்போயிருந்தது. யோகராஜின் காரணம் வேறு: "அஞ்சு வருஷத்துல ஒருத்தன் சொல்லாம கொள்ளாம வீட்டுக்கு வரலைங்க." புறப்பட்ட அன்று காலையில் இவர்கள் கார் மைதானத்தைக் கடந்தபோது, எல்லைக்கோட்டைச் சுற்றி ஊர்க் கார்கள் நின்றன. ஆட்டம் இல்லாத நாள். எல்லாம் ஹோர்ன் அடித்தன. இம்முறை சுதர்சினி கதவைத் திறந்து ஓடவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பெட்டி கட்டும்போதுதான் குசினித் துணியில் முடிந்த காசு வெளியே வந்தது. "என்ன இது?" என்ற கேள்விக்கு கிருஷாந்தி நேர்த்தியைச் சொன்னாள். சத்தம் கேட்டதைச் சொல்லவில்லை.

வந்த முதல் மாதமே பந்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக் கோயிலுக்குப் போனார்கள். பூசாரி பந்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"என்னா தோல்?"

"மாட்டுத் தோல் சாமி."

"மாரியாத்தாளுக்கு மாட்டுத் தோலா? எடுங்க, எடுங்க, படியில வைக்காதீங்க."

அதோடு பந்து அலுமாரிக்கு மேலே ஏறியது. உலகத்தில் தன்னிடம் இருந்த ஆகப் பெறுமதியான பொருளை நேர்ந்த பிள்ளைக்கு, அம்மனுக்கு ஆகாத ஒரே பொருள் அதுதான் என்று தெரிந்திருக்கவில்லை.

கிருஷாந்தி இன்று மாத்தளை ரோட்டில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் வழிகாட்டி. வெள்ளைக்காரர்களுக்குக் கறுவாவையும் கொக்கோவையும் காட்டிவிட்டுக் கடைசியில் எண்ணெய் விற்கிற வேலை. அவளுடைய ஆங்கிலம் கோதுமை ஊர் ஆங்கிலம். மெல்பேர்னில் இருந்து வருகிறவர்கள், சேலை கட்டிய பெண்ணின் வாயில் தங்கள் பெரியப்பா பேசுவதைக் கேட்டுத் திகைத்துப்போவார்கள். வழுக்கைக்காரர் யாராவது மூலிகை எண்ணெயை எடுத்து, "இது முடி வளர்க்குமா?" என்று கேட்டால், "உங்கள் தலையில் வளராது. தடவுகிற கைக்கு நல்லது" என்பாள். முதலாளி ஆரம்பத்தில் தலையில் கை வைத்தார். பிறகு கணக்குப் பார்த்தால் ஆகக் கூட விற்பவள் அவள்தான். இப்படி ஒரு விற்பனைத் தந்திரம் தனக்கு இத்தனை நாள் தோன்றவில்லையே என்று வருத்தப்படுகிறார். அது தந்திரம் இல்லை என்று அவருக்கு யார் சொல்வது?

ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் மார்ஜும் கோலினும் போனில் வருவார்கள். கோலினுக்கு எண்பத்தாறு. நலம் விசாரிப்பார், மழை கேட்பார், கடைசியில் தவறாமல் ஒரு கேள்வி: "யோகா, உண்மையைச் சொல். அந்தப் பந்து கம்பத்தில் பட்டதா?"

"பட்டது" என்பார் யோகராஜ்.

"நீ ஒருவன்தான் சொல்கிறாய்" என்பார் கோலின். சிரிப்பார்கள். போனை வைப்பார்கள். பதினெட்டு வருடமாக இதேதான்.

இந்த வருடமும் கேட்டார். இந்த வருடமும், "நீ ஒருவன்தான் சொல்கிறாய்" என்றார். ஆனால் சிரிப்பு வருவதற்குள் கிருஷாந்தி போனுக்குக் கிட்டக் குனிந்து, "இல்லை, நானும் கேட்டேன். பின்னால் நின்றேன். டொக் என்று கேட்டது" என்றாள். ஏன் இந்த வருடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அப்பா 'பட்டது' என்று சொன்ன குரல் கொஞ்சம் கிழடாகிவிட்டதாம்.

போனில் கோலின் மார்ஜைக் கூப்பிடுவது கேட்டது. "மார்ஜ், பட்டதாம்!" அதற்கப்புறம் அவர் சொன்ன சொல் வருடப் பிறப்புக்கு ஏற்றதல்ல.

யோகராஜ் மகளைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியா?"

"கேட்டேன்ப்பா."

"அப்ப ஏன் பிள்ள இத்தன வருஷமா வாய மூடிக்கிட்டு இருந்த? ஊருல பாதிப் பேரு நான் கண்ணு தெரியாம நின்னேன்னு நெனைக்கிறாங்க. ஒங்கம்மா உட்பட."

"ஜெயிக்கணும்னு நேர்ந்திருந்தேன்லப்பா. உங்களுக்குக் கேட்டிருக்கக் கூடாதுன்னு சாமிகிட்டக் கேட்டுக்கிட்டு நின்னேன். எப்பிடிச் சொல்றது?"

யோகராஜ் கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலே இருந்து பந்தை எடுத்தார். துவாயை உதறினார். மாத்தளை மழைக்குப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

"சித்திரைத் திருவிழாவுக்குக் குடுத்துருவோம்" என்றார்.

"ஜெயிக்கலைன்னா கடன் இல்லைன்னீங்க?" என்றார் சுதர்சினி.

"அது சட்டம். இது வேற."

திருவிழா அன்று காலை பத்து மணிக்குப் போனார்கள். கோயில் முற்றத்தில் மூங்கில் நட்டுத் தோரணம் கட்டியிருந்தது. நேர்ந்து விட்ட சேவல்கள் நாலைந்து குப்பையைக் கிளறிக்கொண்டு நின்றன. ஓரமாகத் தப்படிக்கிற ஐயாவு தீ மூட்டித் தப்புத் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். அதே பூசாரி. பந்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னுமா வச்சிருக்கீங்க? நான்தான் அன்னைக்கே சொன்னேனே, தோல் ஆகாதுன்னு."

ஐயாவு தீயில் இருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "ஏன் சாமி, என் தப்பு என்ன வாழைப்பட்டையா?"

"அது ஆத்தா கேட்டுப் பழகின சத்தம்டா."

"பழகாம எப்பிடிக் கேக்கும்? இதையும் குடுத்துப் பாருங்க."

"வாசப்படி தாண்டக்கூடாது, சொல்லிட்டேன்."

"சேவல் மட்டும் தாண்டுதா? நேர்ந்து வுட்டா முத்தத்துலதான மேயுது. ஒருத்தன் அடிச்சுத் தின்ன மாட்டான், ஒருத்தன் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டான். அது மாதிரி இதையும் வுடுங்க."

பூசாரி யோசித்தார். அவர் மனதிலும் அது இருபது வருடமாகக் கிடந்திருக்கும் போல. "சரி, இங்க குடும்மா. எதுக்கு நேர்ந்தது? ஆத்தாகிட்டச் சொல்லணும்."

"ஜெயிக்கணும்னு நேர்ந்தேன் சாமி."

"ஜெயிச்சீங்களா?"

"இல்ல. ஒரு புள்ளியில தோத்தோம்."

"தோத்ததுக்கு யாரும்மா நேர்த்தி கட்டுறது?"

"நான் கேட்டது வேற, சாமி, எனக்கு வேண்டியது வேற. ஆத்தா கேட்டதைக் குடுக்கல. வேண்டியதைக் குடுத்துட்டா. அதுக்குத்தான்" என்றாள் கிருஷாந்தி.

பூசாரிக்கு அது முழுதாக விளங்கியதாகத் தெரியவில்லை. ஆனாலும் பந்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். குசினித் துணிக் காசை அவிழ்த்து உண்டியலில் போடச் சொன்னார். இருபது சென்ட், ராணி தலை போட்டது, டொங் என்று விழுந்தது. "தாயே, தோக்க வச்சதுக்கு இந்தப் பிள்ள பந்து நேர்ந்து வுடுது, ஏத்துக்க" என்று உரக்கச் சொல்லிப் பந்தை முற்றத்தில் போட்டார்.

முட்டைப் பந்துக்கு ஒரு குணம் உண்டு. விழுந்தால் எந்தப் பக்கம் குதிக்கும் என்று அதற்கே தெரியாது. இடது பக்கம் பாய்ந்து, திரும்பி, சேவல்களுக்கு நடுவே புகுந்தது. சேவல்கள் சிதறிப் பறந்தன. பின்னாலேயே தோட்டத்துப் பிள்ளைகள் பதினைந்து பேர். யாரும் "போ" என்று சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் அதற்கு ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்துவிட்டார்கள். தோரண மூங்கில் இரண்டுக்கும் நடுவே உதைப்பது. சட்டை முழுக்க மஞ்சள் அப்பிய ஒரு சின்னப் பெண் ஓடிவந்து உதைத்தாள். பந்து வளைந்து, உள்ளே போய் விழுந்தது. "கோல்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். ரோட்டோரம் நின்ற த்ரீவீல்காரர் சும்மா இருக்கமாட்டாமல் ஹோர்ன் அடித்தார்.

பிளாஸ்டிக் கதிரையில் இருந்த யோகராஜ் எழும்பினார். நடந்துபோய் மூங்கிலை உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டினார். ஒரு விரலை உயர்த்தினார்.

"ஒன்னுதான். பட்டுச்சு."

"இல்ல தாத்தா! படல! பொய் சொல்றாரு!" என்று பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"பட்டுச்சு" என்றாள் பின்னால் நின்ற கிருஷாந்தி. "எனக்கும் கேட்டுச்சு."